நேரில் காணாத ஆசிரியருக்கு நினைவுக் குறிப்பு எழுதுவது எப்படி?

நூல்தூசி (கேள்வி):

வணக்கம். பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் தன்னார்வப் பணியில் எனக்கு மெய்ப்புப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் கடந்த மாசியில் காலமாகிவிட்டார். பதினோரு ஆண்டுகள் அவரிடம் பாடம் கேட்டிருக்கிறேன். அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை, புகைப்படம்கூடக் கண்டதில்லை. எல்லாம் மின்னஞ்சலும் அரட்டைப் பெட்டியும்தான். கடிதத்தின் அடியில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதி ஒரு புள்ளி வைப்பார். நானும் ‘ஐயா’ என்பதற்கு மேல் எதுவும் கேட்டுக்கொண்டதில்லை. நாற்பது நாள் பதில் வராமல் இருந்து, பின்னர் அவர் முகவரியிலிருந்தே இரண்டு வரி வந்தது: ‘தாத்தா தவறிவிட்டார். இனி இந்த முகவரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.’

அவர் கடைசியாகத் திருத்திய நூலின் முகப்பில் ஒரு நினைவுக் குறிப்பு சேர்க்க வேண்டும் என்று எங்கள் குழுவினர் விரும்புகிறார்கள். அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எழுத உட்கார்ந்தால் பிறந்த ஊர், படிப்பு, குடும்பம் என்று வழக்கமாகத் தொடங்கும் முதல் வாக்கியத்துக்கே என்னிடம் சரக்கு இல்லை. தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்; அரைப் பக்கம்கூட வரவில்லை. சிறு வயதிலேயே ஓர் அச்சகத்தில் சேர்ந்து, அச்சுக்கோப்பவராக இருந்து மெய்ப்புத் திருத்துபவராக ஆனவர். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்களுக்கான அச்சுகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்து உருக்கக் கொடுத்ததாகவும், துதிக்கை வைத்த ‘லை’யைத் தேடி அடுத்த ஆறு மாதம் கை தானாகவே பழைய அறைக்குப் போனதாகவும் ஒருமுறை எழுதினார். காலை நான்கரை மணிக்கு அவருடைய கடிதம் வரும். மழை பெய்தால் அவர் வீட்டுத் திண்ணையில் ஒழுகும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் கற்றுக்கொடுத்ததைப் பற்றிக் கேட்டால் என்னால் நிறுத்த முடியாது. பரிமேலழகர் உரையுடன் கூடிய பழைய குறள் பதிப்பு ஒன்றைத்தான் முதன்முதலில் எனக்குத் தந்தார்கள். 653ஆம் குறளில் ‘ஓஒதல் வேண்டும்’ என்று இருந்ததைப் பார்த்து, தட்டச்சு செய்தவர் கை தவறி ‘ஒ’வை இரண்டாம் முறை அடித்துவிட்டார் என்று நினைத்து நீக்கிவிட்டேன். அடுத்த அடியின் ‘ஆஅதும்’ என்பதையும் ‘ஆதும்’ என்று ஆக்கிவிட்டு, நல்ல வேலை செய்துவிட்டதாகப் பெருமையோடு அனுப்பினேன். மறுநாள் விடியற்காலை வந்த பதிலில் கோபம் ஒன்றும் இல்லை. ‘ஓதல்’ என்று வைத்துக்கொண்டு குறளை அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துப் பார்த்து, அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன வாய்பாடுகளைத் தேடி எடுத்து அலகிட்டேன். ‘ஓதல்’ தேமா, அடுத்து வரும் ‘வேண்டும்’ நேரசையில் தொடங்குகிறது, மாமுன் நேர் வந்தால் அது ஆசிரியத்தளை (தளை என்பது இரண்டு சீர்கள் இணையும் முறை), வெண்பாவுக்குள் அதற்கு இடமில்லை. ‘ஓஒதல்’ என்று அளபெடையை (ஓசையை நீட்டும் எழுத்தை) மீண்டும் வைத்தால் கூவிளம். விளமுன் நேர், வெண்டளை சரியாகிவிடுகிறது. ‘ஆதும்’ என்பதற்கும் அதே கதி. நான் பிழை என்று நீக்கியது புலவர் ஓசை குறையாமல் இருக்க வைத்த முட்டு. போதாக்குறைக்கு, ஓஒதல் என்றால் தவிர்த்தல். நான் அதைப் படித்தல் ஆக்கி வைத்திருந்தேன்.

அன்று முதல் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வெண்பாவைக் கண்டாலும் தளை பார்த்துப் பிழை பிடிக்கத் தொடங்கினேன். யாப்பு கையில் இருந்தால் மூலப் பிரதியே தேவையில்லை என்றுகூட அவருக்கு எழுதிவிட்டேன். அதற்கு அவர் ‘கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்’ என்ற குறளைக் கொடுத்து, அளபெடையை நீக்கி ‘கெடுப்பதும்’ என்று வைத்து அலகிடச் சொன்னார். தளை தட்டவில்லை. அது இன்னிசைக்காக வந்த அளபெடை. யாரேனும் விழுங்கிவிட்டால் யாப்பு காட்டிக்கொடுக்காது. ‘கற்றபின்’ என்பதைப் பலரும் ‘கற்றப்பின்’ என்று அடித்துவிடுகிறார்களே, அங்கும் தளை தட்டாது. ‘யாப்பு வாசலில் நிற்கும் காவலாளி. அவனும் கண்ணயர்வான். மூலத்தைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தார்.

இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்து எழுதலாமா, கூடாதா? அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்ட குடும்பத்துக்கு நான் ஒரு வரி எழுதுவது முறையா? முகமே அறியாத ஒருவரை ‘என் ஆசிரியர்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்ற கூச்சமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இழப்பைச் சந்தித்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடற்கரைச்சாலை:

அம்மா, முதலில் குடும்பத்துக்கு எழுதுவது பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் காலம் தாழ்ந்தால் அதுதான் கடினமாகிக்கொண்டே போகும். ‘அனுப்ப வேண்டாம்’ என்ற வரியை உங்கள்மேல் விழுந்த கதவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இறப்பு நடந்த வீட்டில் யாரோ ஓர் இளைஞர், பெரியவரின் கணினியைத் திறந்து, திறந்தவுடன் வந்து குவியும் அஞ்சல்களைக் கண்டு மலைத்து, எல்லோருக்குமாக அடித்த வரியாகத்தான் அது இருக்கும். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் 2014இல் தம் 25ஆம் வயதில் தசைச் சிதைவு நோயால் இறந்தார். சக்கர நாற்காலியிலேயே இருந்த மகன் கணினி விளையாட்டில் தனியாக வாழ்நாளைக் கழித்துவிட்டான் என்றே பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். மகனின் வலைப்பதிவில் தந்தை இறப்புச் செய்தியை இட்ட பிறகு, அந்த விளையாட்டின் வழியே அவரை அறிந்தவர்களிடமிருந்து வெவ்வேறு நாடுகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அவர்களில் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்துவிட்டார்கள். தங்கள் மகன் பலருக்கு உற்ற துணையாக இருந்ததை அந்தக் கடிதங்களின் வழியேதான் பெற்றோர் அறிந்தார்கள். உங்கள் பெரியவரின் வீட்டிலும், விடியற்காலையில் எழுந்து கணினி முன் உட்கார்ந்து தாத்தா என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று யாரேனும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் எதையும் கேட்காதீர்கள். புகைப்படம், முழுப்பெயர், கடிதங்களை வெளியிட இசைவு எதுவும் வேண்டாம். அவர் உங்களுக்குச் செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள், அந்த ஓஒதல் கதை போதும். பதில் எழுதக் கடமையில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி முடியுங்கள். என் மாமா இறந்தபோது அவரோடு அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடியவர் ஒருவர் மாமிக்கு இப்படி ஓர் அஞ்சலட்டை எழுதினார். ‘கடைசி ஆட்டத்தில் அவர் நிலை நன்றாக இருந்தது’ என்ற ஒரு வரிதான். மாமிக்குச் சதுரங்கம் தெரியாது. அந்த அட்டை இன்னும் பூஜை அலமாரியில் இருக்கிறது.

கோப்புக்காவலர்:

உணர்வு சார்ந்த செய்திகளை மற்றவர்கள் சொல்லட்டும். நான் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அவரும் பகிர்ந்துகொண்ட அட்டவணையோ ஆவணமோ அவருடைய கூகுள் கணக்கின் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அவற்றில் உள்ள கோப்புகளோடு நீக்கலாம் என்ற விதியை அந்நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. உங்களுக்குத் திறக்க முடிகிறது என்பதால் அது உங்களுடையது ஆகாது. உரிமையாளரின் கணக்கு போனால் கோப்பும் போகும். ‘நகல் எடு’ என்பதை அழுத்தி உங்கள் பெயரில் ஒரு படியும், தரவிறக்கி வன்தட்டில் ஒரு படியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதங்கள் உங்கள் கணக்கில் இருப்பதால் அவற்றுக்கு உடனடி ஆபத்து இல்லை. என்றாலும் மொத்தமாக எம்பாக்ஸ் வடிவில் இறக்கி வைப்பது நல்லது. அது வெறும் உரைக்கோப்பு, இருபது ஆண்டுகள் கழித்தும் ஏதாவது ஒரு மென்பொருள் திறக்கும். அவர் பழைய குழுக்களில் எழுதியவற்றை நீங்கள் தேடி எடுத்தால் சில பக்கங்கள் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும். அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முன் இருந்த திஸ்கி குறியேற்றத்தில் எழுதப்பட்டவையாக இருக்கும்; சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் இட்டால் ஒருங்குறித் தமிழாக எழுந்து வரும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்களே இணைமதி, மயிலை, திஸ்கி என்று பல சட்டை மாற்றித்தான் ஒருங்குறிக்கு வந்தன.

வெளியிடுவது பற்றி: கடிதம் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள சொற்கள் எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் சொந்தம். நினைவுக் குறிப்பில் நான்கைந்து வரிகளை மேற்கோளாக எடுத்தாள்வதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கடிதங்களைத் தொகுத்து நூலாக்க நினைத்தால் குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான இசைவு வேண்டும், அதைக் கேட்கும் காலம் இதுவன்று.

மட்டுநகரான்:

உங்கள் ஐயா யார் என்று காலை நான்கரை மணி என்பதைப் படித்த உடனேயே விளங்கிவிட்டது. நானும் அவரிடம் கற்றவன். எனக்கு ரொறன்ரோவில் அது பின்னேரம் ஏழு மணி, குளிர்காலமானால் ஆறு. வேலை முடிந்து வரவும் அவர் கடிதம் வரவும் சரியாக இருக்கும்.

நீங்கள் எழுதியவை எல்லாம் உண்மை. ஆனால் அவருடைய கண்டிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நினைவுக் குறிப்பு வந்தால் என்னால் அதை நம்ப முடியாது. எங்களோடு வேலை செய்த ஓர் இளைஞர் ஒரு நூல் முழுவதும் துணைக்கால் வரவேண்டிய இடங்களில் ‘ர’ இருப்பதைக் கவனியாமல் விட்டுவிட்டார். ஓசிஆர் (அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) வழியாக வரும் உரையில் இது ஓயாத தொல்லை. ‘தான்’ என்பது ‘தரன்’ என்று வந்து நிற்கும். ஐயா அவருக்கு, குழுவில் உள்ள அனைவரும் பார்க்க, ‘தாங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடரலாம்’ என்று எழுதினார். அந்த இளைஞர் அதன் பிறகு வரவேயில்லை. நான் தனியே எழுதிக் கண்டித்தேன். மூன்று நாள் மௌனம். பிறகு அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டதாகவும், பதில் வரவில்லை என்றும் சொன்னார். அது அவரை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனெனில் இரண்டு ஆண்டுகள் கழித்தும் ‘அந்தப் பிள்ளை வந்தாரா’ என்று கேட்டார்.

என்னோடும் மோதினார். ஈழத்து நூல் ஒன்றுக்கு நான் எழுதிய முன்னுரையில் ‘ரொறன்ரோ’ என்று இருந்ததை ‘டொராண்டோ’ என்று சிவப்பில் மாற்றி அனுப்பினார். நாங்கள் ஆங்கில ஒலியை எழுதும் முறை வேறு என்று சொன்னால் கேட்கவில்லை. மூன்று கிழமை விவாதித்தோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எஞ்சியதை மின்னாக்கம் செய்கிறபோது எங்கள் எழுத்தையும் திருத்திவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். மறுநாள் வந்த பதிலை அப்படியே தருகிறேன்: ‘உங்கள் ஊர்ப் பெயரை எழுத உங்களுக்குக் கற்றுத்தர வந்தது என் பிழை. பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒன்று சேர்த்துவிட்டேன்.’ உங்களுக்கும் அந்தப் பிழைப்பட்டியல் தெரிந்திருக்கும். எங்கள் எல்லோருடைய பிழைகளும் வகை பிரித்து இருக்கும்; கடைசி நிரல் அவருடையது. தம் பிழைகளைத் தாமே எண்ணி எழுதுவார்.

இதையெல்லாம் நீங்கள் முழுமையாக எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி நிரலைப் பற்றி ஒரு வரியாவது வரட்டும்.

வெண்டளை:

இப்படியொரு கேள்வி வந்தவுடன், நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புக்கொண்ட புலவர் பிசிராந்தையாரையும் ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்ற குறளையும் யாராவது கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, இதுவரை யாரும் செய்யவில்லை. பிசிராந்தையார் கடைசியில் உறையூருக்கு நேரிலேயே வந்துவிட்டார். கோப்பெருஞ்சோழனும் வடக்கிருந்தபோது (உண்ணா நோன்பிருந்து உயிர்விடும்போது) ‘ஒழிக்க அவற்கு இடமே’ என்று பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருந்தான். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அந்த உவமை பொருந்தாது.

எனக்கு நினைவுக்கு வருபவர் உ.வே.சாமிநாதையர்தான். 1876இல் மறைந்த தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள். ஆசிரியர் எப்படி உட்கார்ந்திருந்தார், பாட்டுச் சொல்ல எப்படித் தொடங்கினார், யார்மேல் எப்போது வருத்தப்பட்டார் என்பதெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர் அவர். உங்களிடம் அவை இல்லை. அதற்குப் பதிலாக, ஐயருக்கு நினைவிலிருந்தும் பிறரைக் கேட்டும் மீட்க வேண்டியிருந்த ஆசிரியரின் சொற்கள் உங்களிடம் நாளும் நேரமும் குறித்து, எழுத்துக் குறையாமல் இருக்கின்றன. பிறந்த ஊர் தெரியவில்லை என்று வருந்துவதை விட்டுவிட்டு, கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முதல் வாக்கியமே ‘ஓஒதல்’ ஆக இருக்கட்டும்.

இன்னொன்று. தேனீ எழுத்துருவை உருவாக்கிய அதிராம்பட்டினம் உமர் தம்பி 2006இல் மறைந்தபோது, அவரை எழுத்தின் வழியே மட்டும் அறிந்தவர்கள் பலர் நினைவுகூர்ந்து எழுதினார்கள். இத்தகைய குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், ‘மாமனிதர்’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்ற சொற்களைக் கண்ணே தாண்டிப் போய்விடுகிறது. இன்ன எழுத்து என் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, இப்படிச் செய்யச் சொன்னார், சரியாயிற்று என்று யாரேனும் எழுதினால் நின்று படிக்கிறேன். உங்கள் பெரியவருக்கும் அடைமொழிகள் பிடித்திருக்காது என்று ஊகிக்கிறேன். மெய்ப்புத் திருத்துகிறவர்கள் முதலில் வெட்டுவது அவற்றைத்தான்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். அவர் உங்களை எப்படி விளித்தார் என்று நீங்கள் சொல்லவேயில்லையே?

நூல்தூசி:

அனைவருக்கும் நன்றி. கோப்புக்காவலர் அவர்களுக்கு முதல் நன்றி. பிழைப்பட்டியல் அவர் கணக்கில்தான் இருந்தது, அன்று இரவே நகல் எடுத்துவிட்டேன். மட்டுநகரான் அண்ணா, கடைசி நிரலை எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொன்று. உங்கள் ‘ரொறன்ரோ’ பதினேழாவது. எனக்குத் தெரியாமல் இப்படி ஓர் அண்ணன் இருந்ததும் இப்போதுதான் தெரிகிறது.

வெண்டளை கேட்டதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் என்னைத் ‘தம்பி’ என்றே விளித்தார். என் கணக்கில் தலைப்பெழுத்துகள் மட்டும்தான் இருந்தன, நானும் திருத்தவில்லை. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் கண்ணோட்டுவது வழக்கமாம். அதை இணையத்தில் எப்படிச் செய்வது என்று யோசித்து, மூலத்தை நான் கைப்பேசியில் படித்துப் பதிந்து அனுப்புவது, அவர் அதைக் கேட்டுக்கொண்டே திருத்துவது என்று ஏற்பாடு செய்தோம். முதல் பதிவை அனுப்பிய மறுநாள் வந்த கடிதம் இது: ‘மெய்ப்புத் திருத்துகிறவன் இரண்டு ஆண்டாக ஒரு பிழையைத் திருத்தாமல் அச்சுக்கு விட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா.’ அதன்பின் கடைசிவரை ‘அம்மா’தான். அந்த ஏற்பாட்டால் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. என் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும், மூக்கடைத்திருந்தால் கண்டுபிடித்துச் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்வார். அவர் குரல் எனக்குத் தெரியாது.

கடற்கரைச்சாலை அவர்கள் சொன்னபடியே ஒரு கடிதம் எழுதினேன். எதுவும் கேட்கவில்லை. ஓஒதல் கதையோடு இன்னொன்றும் சேர்த்தேன்: ஒரு பழைய நூலின் முகப்பில் ‘ககூஉசு’ என்ற சொல்லைக் கண்டு மூன்று நாள் அகராதிகளைப் புரட்டியும் கிடைக்காமல் அவரிடம் கேட்டேன். ‘அம்மா, அது சொல்லன்று. ௧௯௨௬. நூல் அச்சான ஆண்டு’ என்று பதில் வந்தது. தமிழ் எண்களைத் தட்டச்சு செய்தவர் எழுத்துகளாகப் படித்திருக்கிறார், அவரைப் பின்பற்றி நானும்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பேரனிடமிருந்து பதில் வந்தது. பொறியியல் படிக்கிறார் போலிருக்கிறது. தமிழில் எழுதிப் பழக்கமில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தமிழிலேயே எழுதியிருந்தார். தாத்தா விடியற்காலையில் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார் என்றும், வீட்டில் எல்லோரும் வானொலி என்று நினைத்திருந்தார்கள் என்றும், ஒலிவாங்கியை மாட்டாமல் விட்ட ஒருநாள் ஒரு பெண் பழைய பாட்டு ஏதோ படிப்பது கேட்டது என்றும் எழுதியிருந்தார். அவர் சொல்வது காதணிபேசியாக இருக்க வேண்டும். ஒலிவாங்கி என்றால் மைக். திருத்தலாமா என்று ஒரு கணம் கை போனது, விட்டுவிட்டேன்.

கடிதத்தோடு ஒரு படமும் இணைத்திருந்தார். காக்கி அட்டை போட்ட குறிப்பேடு. உள்ளே சிவப்பு மையில் எழுத்து அடர்ந்திருக்கிறது. முதன்முதலாக அவருடைய கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்துகள் நான் எண்ணியிருந்ததைவிடப் பெரியவை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தவை. 1978க்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழித்தும் ‘லை’க்குத் துதிக்கை போட்டிருக்கிறார். அட்டையின்மேல் ‘கஉ’ என்று எழுதியிருப்பதைக் காட்டி, வீட்டில் அந்தத் தலைப்பெழுத்து உள்ளவர் யாரும் இல்லையே, இது யாருடைய குறிப்பேடாக இருக்கும், உங்களுக்குத் தெரியுமா என்று பேரன் கேட்டிருந்தார்.

அது பெயரன்று தம்பி, 12; பரணிலோ பெட்டியிலோ இன்னும் பதினொன்று இருக்க வேண்டும், பழைய தாளுக்குப் போட்டுவிடாமல் தேடிப் பாருங்கள் என்று உடனே எழுதினேன். நேற்று இரவு வரை ஒன்பது கிடைத்திருக்கின்றன.